ராயப்பன்பட்டிக்கு வண்டு வாங்கப் போனோம்

கடந்த மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி கோமதியும் திருச்சியிலிருந்து ராயப்பன்பட்டிக்குப் போய் வந்தோம். இரண்டு நாள் பயணம். வழக்கமாக இந்த வலைப்பதிவில் அருவியும் மலையும்தான் வரும். இந்த முறை நாங்கள் போனது வண்டு வாங்க. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மாடியில் செம்பருத்தி வைத்து, அதில் மாவுப்பூச்சி வந்து, என்ன செய்தும் போகாமல் தவிப்பவர்கள் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

மாவுப்பூச்சி என்றால் இலைக்காம்பிலும் மொட்டிலும் பஞ்சை ஒட்டி வைத்தது போல இருக்குமே, அதுதான். எங்கள் மாடியில் நாற்பது தொட்டிகள். எல்லாம் கோமதி வைத்தவை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். எனக்குத் தொட்டிகளின் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். போன ஐப்பசியில் செம்பருத்தியில் தொடங்கிய பூச்சி கொய்யாவுக்குப் போய், கத்தரிக்கும் பரவியது. கோமதி சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கடையில் கேட்டு வாங்கிய ஒரு மருந்தை நான் மாடி முழுக்க அடித்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்ததும், "சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதோடு சரி. சண்டை இல்லை, கோபம் இல்லை. ஆனால் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான்கு மாதம் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் பூச்சி பழையபடி வந்துவிட்டது. அவள் மட்டும் வரவில்லை.

மாடித்தோட்டக் குழு ஒன்றில் யாரோ பகிர்ந்த குரல் பதிவில்தான் ஜெயமேரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உத்தமபாளையம் பக்கம் ராயப்பன்பட்டியில் திராட்சை போட்டிருப்பவர், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை வீட்டிலேயே வளர்க்கிறார், கேட்பவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறார். போன் செய்தேன். "கூரியர்ல அனுப்புனா பாதி செத்துப் போகுதுண்ணே. நேர்ல வந்தா உசுரோட கொண்டுபோகலாம்" என்றார். கோமதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நானும் வரேன்" என்றாள்.

காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்சியில் திண்டுக்கல் பஸ். நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். திண்டுக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு ஐம்பதுக்குத் தேனி பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி வரை கொடைக்கானல் மலை கூடவே வரும். தேவதானப்பட்டியில் மாங்காய்க் கூடைகளோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். பஸ் முழுக்கப் பச்சை மாங்காய் வாசனை. கோமதி கண்ணை மூடி அதை இழுத்து மூச்சு விட்டாள். அவள் அப்படி ஆசையாக மூச்சு இழுத்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பதினோரு மணிக்குத் தேனி. அங்கிருந்து கம்பம் பஸ்ஸில் உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை, நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். சுத்தமாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, மூன்றரைக்கு ராயப்பன்பட்டிக்கு ஆட்டோ பிடித்தோம். எட்டு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது கேட்டார். டவுன் பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

"யார் வீட்டுக்குண்ணே?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஜெயமேரின்னு, வண்டு வளர்க்கிறவங்க."

"வண்டக்காவா! முதல்ல எல்லாரும் சிரிச்சாக. இப்ப கூடலூர்ல இருந்தெல்லாம் வாராக" என்றவர், கொஞ்சம் தள்ளி, "அவுக மூத்தார், வீட்டுக்காரரோட அண்ணன் ஒருத்தர் மட்டும் இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று சேர்த்துக்கொண்டார்.

ஜெயமேரிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். கணவர் குமுளியில் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒரு முறை வருகிறார். தோட்டமும் வண்டும் இவர் பொறுப்பு. மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. பின்கட்டில் முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது வண்டு அறை. உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரை ஒட்டிய இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாகப் பரங்கிக்காய்கள், நாம் சாம்பாரில் போடும் சிவப்புக் காய்தான். ஒவ்வொன்றும் வெள்ளைக் கம்பளி போர்த்தியது போல மாவுப்பூச்சி மூடி உட்கார்ந்திருந்தது.

"வண்டு வளக்கணும்னா முதல்ல அதுக்குச் சோறு வளக்கணும்லண்ணே" என்றார் ஜெயமேரி. காயில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் வலைத்துணி கட்டிய பெட்டிக்குள் வைத்து, வண்டுகளை விடுகிறார். அவை பூச்சியைத் தின்று அங்கேயே முட்டையிடும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் அடுத்த தலைமுறை வண்டு வெளியே வரும். கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் தலை, மிளகைவிடக் கொஞ்சம் சிறியது.

மாவுப்பூச்சியின் தூள் ஆகாது என்று கோமதி அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே பார்த்தாள். ஜெயமேரி அதைக் கவனித்து, வண்டுகள் மட்டும் இருந்த ஒரு பெட்டியை முற்றத்துக்கே தூக்கி வந்தார். வெளிச்சம் பக்கம் அவை தாமாகவே கூடுகின்றன. ஒரு புட்டியின் மூடியில் இரண்டு மெல்லிய குழாய்கள்; வலை கட்டிய ஒன்றை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சினால் வண்டு மற்றக் குழாய் வழியாகப் புட்டிக்குள் வந்து விழுகிறது. கையால் பிடித்தால் நசுங்கிவிடுமாம்.

"அக்கா, செஞ்சு பாக்குறீகளா? புதுக் குழாய்தான்."

"எனக்கு இளைப்பு இருக்கு. மூச்சு அவ்வளவு வராது."

"நெறைய வேணாங்க்கா. பாயசம் சூடா இருக்கான்னு பாக்குற மாதிரி லேசா இழுத்தாப் போதும்."

கோமதி குழாயை வாங்கினாள். முதல் வண்டு ஓடிவிட்டது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது, டிக் என்று புட்டிக்குள் விழுந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை இங்கே எழுதத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் பதினொன்று பிடித்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஜெயமேரி தன் தோட்டத்தில் வண்டு விடப் போவதாகவும், வந்தால் எப்படி விடுவதென்று காட்டுவதாகவும் சொன்னார். ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருந்தோம். கைப்பையை அங்கேயே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்தோம். அந்தப் பையில் கோமதியின் இன்ஹேலர் இருந்தது. பயணம் போகும் எல்லோருக்கும் சொல்கிறேன், மருந்து எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், ஆணியில் அல்ல.

ஜெயமேரியின் திராட்சைப் பந்தல் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, கொடி முழுக்கக் கூரை போலப் படர்ந்திருந்தது. குனிந்துதான் நடக்க வேண்டும். தலைக்கு மேல் பச்சைக் குலைகள். பூச்சி பிடித்த குலைகள் பிசுபிசுத்துக் கறுத்திருந்தன. வண்டு அடைத்த டப்பாவைக் குலைக்குப் பக்கத்தில் பிடித்துத் திறந்தால் போதும், வண்டுகள் ஏறிக்கொள்கின்றன. கோமதி ஒரு டப்பாவைத் திறந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு மணி வரை மூவரும் வரிசை வரிசையாகப் போனோம்.

கடைசி டப்பா தீரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி வாசனை. எனக்கு அது என்ன வாசனை என்று உடனே தெரிந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது.

"அத்தான்! அத்தான், நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஜெயமேரி வேலியை நோக்கி ஓடினார். பக்கத்துப் பந்தல் அவருடைய கணவரின் அண்ணன் அருளப்பனுடையது. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்து மருந்து அடித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் கோமதியை முந்தானையால் மூக்கை மூடச் சொல்லி இழுத்துக்கொண்டு ஓடினேன். பந்தலைத் தாண்டுவதற்குள் அவள் இருமத் தொடங்கிவிட்டாள். மூச்சில் அந்த விசில் சத்தம் வந்துவிட்டது. அவள் கையால் தோளைத் தொட்டுக் காட்டினாள். பை. பை எங்கே என்று கேட்கிறாள். அது ஒரு கிலோமீட்டர் தள்ளி ஆணியில் தொங்குகிறது.

மோட்டார் நின்றது. அருளப்பன் வேலியைத் தாண்டி வந்தார். எங்களுக்கு இருபது அடி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார். தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"என் மேலெல்லாம் மருந்து. நான் பக்கத்துல வரக்கூடாது. இந்தாங்க, வண்டிச் சாவி! அங்கன களத்துல நிக்குது, எடுத்துட்டுப் போங்க!" என்று சாவியை என்னை நோக்கி எறிந்தார்.

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஒன்பது வருடம் ஆகிறது. எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கோமதி என் முதுகில் சாய்ந்திருந்தாள், ஒவ்வொரு மூச்சும் என் முதுகில் தெரிந்தது. வீட்டு வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிப் பையை எடுத்து வந்தேன். இரண்டு முறை இழுத்தாள். கொஞ்ச நேரம் விட்டு மீண்டும் இரண்டு முறை. இருபது நிமிடத்தில் விசில் சத்தம் அடங்கியது. பக்கத்துத் தெருவில் இருந்த நர்ஸ் ஒருவரை ஜெயமேரி கூட்டி வந்தார். அவர் பார்த்துவிட்டு, பயமில்லை, ஆனால் மதியம் வரை அலையக்கூடாது என்றார்.

ஒன்பது மணி வாக்கில் அருளப்பன் வந்தார். குளித்து, வேறு சட்டை போட்டிருந்தார். தலையில் ஈரம் சொட்டியது. கையில் நான்கு இளநீர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தாயி, இப்ப எப்பிடி இருக்கு? ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சுட்டேன். வாசம் வருதா?"

"வரலைங்க. உள்ளே வாங்க" என்றாள் கோமதி.

அவர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு ஜெயமேரியைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஏத்தா, இன்னைக்கு வண்டு விடுறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்ல? வேலிக்கல்லு தகராறு ஆனதுல இருந்து நீங்க எங்ககூடப் பேசுறதே இல்ல. ரெண்டு வருசமாச்சு."

"பேசாட்டி என்ன? வேலியில நின்னு கத்தியிருந்தா நான் கேக்க மாட்டேனா?"

"கத்துனேனே. மோட்டார்ல கேக்கலையே."

யாரும் எதிர்பார்க்காதபடி கோமதி பேசினாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது.

"இவரும் எங்க வீட்டு மாடியில எனக்குச் சொல்லாமத்தான் மருந்து அடிச்சார். கெட்டது நினைச்சு யாரும் அடிக்கிறதில்லை. சொல்றதுதான் விட்டுப்போயிடுது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு மாதமாக எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து விட்டுவிட்ட வார்த்தை, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், இளநீருக்கு நடுவில் வந்தது. "தப்புதான் கோமதி. மன்னிச்சுக்கோ" என்றேன். அவள், "சரி, இளநீரைக் குடிங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் கை என் முழங்கை மேல் இருந்தது.

பத்து மணிக்கு ஜெயமேரி தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து வந்தார். வேலியை ஒட்டிய இரண்டு வரிசையில் விட்ட வண்டுகள் கீழே கொட்டிக் கிடந்தனவாம். சிலவற்றை ஒரு திராட்சை இலை மேல் அள்ளி வந்திருந்தார். கால்கள் மடங்கி, மிளகு போலவே கிடந்தன. அருளப்பன் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா அந்தப் பூச்சியைத் திங்குது? இத்துனூண்டு இருக்கு."

"ஒரு வண்டு அது ஆயுசுக்கும் தின்னுக்கிட்டே இருக்கும் அத்தான். குஞ்சு அதுக்கும் மேல திங்கும். ஆனா மருந்து பட்டா நிக்காது."

"எனக்கும் கொல பூரா பூச்சி கெடக்கு. எத்தன நாள் பொறுக்கச் சொல்லுற?"

"ஒரு மாசம் குடுங்க."

"மாசம் முடியாது. வேலியோரம் அந்தக் கோடியில இன்னும் மருந்து படாத நாலு வரிசை இருக்கு, அதை அடிக்காம விடுறேன். இருபது நாள். கொறயலேன்னா மோட்டாரை எடுத்துருவேன்." எழுந்தவர், வாசலில் நின்று, "அந்த நாலு வரிசையிலயும் கொஞ்சம் வண்டு விடு. கூலிக்கு ஆள் வேணாம், நானே வந்து டப்பா பிடிக்கேன்" என்றார்.

நாங்கள் மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஐம்பது வண்டு கேட்டிருந்தோம், ஒன்று ஐந்து ரூபாய். தாள் துண்டுகள் போட்ட டப்பாவில், மூடியில் வலைத்துணி ஒட்டி, ஓரத்தில் தேன் தடவிக் கொடுத்தார். கோமதி பிடித்த பதினொன்றையும் அதிலேயே போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. திருச்சி வரை டப்பா கோமதியின் மடியிலேயே வந்தது. இன்ஹேலர் என் சட்டைப் பையில்.

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். நான் பின்னால் போனேன். செம்பருத்திக்கு இருபது, கொய்யாவுக்கு இருபது, மிச்சம் கத்தரிக்கு என்று பிரித்து விட்டாள். இலைகளின் நிலையைப் பார்த்து, "ஏன் இப்படிக் காயப் போட்டிருக்கீங்க?" என்று திட்டவும் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து மாடிக்குப் போய்ப் பார்த்தேன். செம்பருத்தியில் முன்பைவிடப் பெரிய பெரிய மாவுப்பூச்சிகள், உடம்பெல்லாம் வெள்ளைப் பிசிறோடு. வண்டுகளையும் காணோம். தோற்றுவிட்டது என்று முடிவு செய்து, குழாயால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கலாமா என்று அவளைக் கூப்பிட்டேன். கோமதி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் பார்த்தாள்.

"தண்ணியை வைங்க. இது ஓடுது. மாவுப்பூச்சி இப்படி ஓடாது. இங்க பாருங்க, தின்னுட்டு இருக்கு."

ஜெயமேரிக்குப் படம் அனுப்பினோம். உடனே குரல் பதிவு வந்தது: "அதுதான் குஞ்சுங்க்கா! பாக்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். நெறைய பேர் கழுவி விட்டுருவாக. நல்லவேள!" கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார். அருளப்பனின் நான்கு வரிசையில் பூச்சி முழுக்கப் போகவில்லை, ஆனால் புதுக் குலைகளில் ஏறவில்லை. இருபது நாள் முடிந்த அன்று அவர் மோட்டாரை எடுக்கவில்லை. இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்றாராம். தினம் காலையில் வேலியில் நின்று "வண்டு என்ன செய்யுது?" என்று கேட்கிறாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள், வண்டு எல்லா நாளும் தயாராக இருக்காது. வேனிற்காலத்தில் போனால் காலையில் கிளம்பி வெயிலுக்கு முன் ஊர் சேருங்கள். டப்பாவை வண்டியின் இன்ஜின் பக்கமோ பூட்டிய காருக்குள்ளோ வைக்க வேண்டாம். விடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் எந்த மருந்தும் அடித்திருக்கக் கூடாது. எறும்பைக் கட்டுப்படுத்துவது முக்கியம். மாவுப்பூச்சியிடமிருந்து வரும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், வண்டை நெருங்க விடாது. தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். பூச்சி ஒன்றுகூட இல்லாத செடியில் வண்டை விடாதீர்கள், அதற்குச் சாப்பாடு வேண்டும். இரண்டு பேருக்கு எல்லாச் செலவும் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய் ஆனது.

பூச்சி முழுக்க ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அங்கங்கே கொஞ்சம் இருக்கிறது. அது இருந்தால்தான் வண்டும் இருக்கும் என்று இப்போது புரிகிறது. கொய்யாவில் புதுத் துளிர் வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் இதை எழுத உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல். "மாமி, எங்க செம்பருத்தியில ஏதோ வெள்ளையா ஓடுது. புதுப் பூச்சி போல. மருந்து வாங்கி வெச்சிருக்கேன், அடிச்சிடவா?"

கோமதி கையில் இருந்த பூவாளியை அப்படியே வைத்தாள். "அடிக்காதே, அடிக்காதே! இதோ வரேன், வந்து சொல்றேன்" என்று படியில் இறங்கி ஓடினாள். நான் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த மாடியில், ஒரே செம்பருத்திக்கு மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. கோமதி விரல் நீட்டி நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல்.